பின்வரிசைக் குரல்

அத்தியாயம் 9

தன் குரலையே தன் வீட்டுக் கூடத்தில் நாலாவது தடவையாகக் கேட்டபோது, சசிரேகா கல்லில் கிடந்த தோசையை மறந்தாள்.

அவள் குரல்தான். ஆனால் அவள் குரல் மாதிரி இருக்காது. கைப்பேசியில் இருந்த ஒரு செயலி அதை நாற்பது வயது ஆண்பிள்ளையின் கட்டைக் குரலாக மாற்றி வைத்திருந்தது. இணையத்தில் 'பின்வரிசை' என்று ஒரு சேனல் வைத்து இரண்டு வருஷமாக அந்தக் குரலில்தான் அவள் படங்களைப் பற்றிப் பேசி வருகிறாள். முகம் காட்டியதில்லை. முந்நூறு பேர் பார்ப்பார்கள். அதோடு சரி.

போன வெள்ளிக்கிழமை 'உரவோன்' படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசியதைத்தான் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"...கட்அவுட்டு நாப்பது அடி. கதை ஒரு அடி கூட நகரல..."

கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த வினோத்குமார் அந்த இடத்தில் நிறுத்தினான். சசிரேகாவின் கொழுந்தன். 'உரவோன்' நாயகன் கதிர்வேந்தனின் உத்திரமேரூர் ரசிகர் மன்றச் செயலாளர். காதைக் கைப்பேசியோடு ஒட்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டான்.

"நைனா, இங்க கேளு. பேச்சுக்குப் பின்னாடி இன்னா கேக்குது?"

மாமனார் முத்துவேல் தோசையை மென்றுகொண்டே கேட்டார். "ஏதோ மைக் செட்டு."

"ஆட்டோ! பஜார் வீதி பாத்திரக் கடை, ஆடித் தள்ளுபடின்னு கத்திக்கினு போறான் பாரு. இந்த ஊரு கடை. பேசனவன் இந்த ஊர்லதான் கீறான்!"

அன்றைக்குச் சசிரேகா மாடியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். ஆட்டோ போனதைக் கேட்டாள். அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டாள்.

"ஆட்டோக்காரன விசாரிச்சோம்," என்றான் வினோத்குமார். "வெள்ளிக்கெழம சாயங்காலம் அவன் போனது ரெண்டே தெரு. ஒண்ணு பெருமாள் கோயில் தெரு. இன்னொண்ணு நம்ம தெரு."

"நம்ம தெருவா?" அவள் வாயிலிருந்து அவளை அறியாமல் வந்துவிட்டது.

"நம்ம தெருவுல இப்படிப் பேசறதுக்கு எவன் கீறான் அண்ணி? அல்லாரும் நம்ம பசங்க. அதனால பெருமாள் கோயில் தெருதான்."

கையைக் கழுவப் போன முத்துவேல் நின்றார். "டேய், படம் நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு ஒருத்தன் சொல்லக் கூடாதா? அதுக்கு இன்னாத்துக்குடா இத்தினி பேஜாரு?"

"உனுக்குப் புரியாது நைனா. மாவட்டத் தலைவரு பெஞ்சமின் அண்ணன் தெனம் போன் பண்றாரு. உன் ஊர்ல கீறவன உன்னால புடிக்க முடியலியான்னு கேக்கறாரு."

சசிரேகா தோசையைத் திருப்பினாள். கருகிப் போயிருந்தது. போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு முடிதிருத்தகக்காரர் அதே நடிகரைக் கேலி செய்து ஏதோ போட்டார் என்று கடைக்குள் புகுந்து கண்ணாடியெல்லாம் உடைத்தார்கள். அவருடைய இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லையாம். அதைச் சொன்னவனும் இந்த வினோத்குமார்தான். சொன்னபோது அவன் முகத்தில் சந்தோஷம் இருந்ததா, பயம் இருந்ததா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மகள் யாழினியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் ஐசக்கின் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். அங்கே தட்டச்சும் வடிவமைப்பும் அவள் வேலை. பட்டா விண்ணப்பம், வாரிசுச் சான்று, காதுகுத்துப் பத்திரிகை என்று பொழுது போகும். ஐசக் சரக்கு வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். கடையில் தனியாக இருந்தாள்.

பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் சுப்பிரமணி, வினோத்குமாரின் கூட்டாளி.

"அண்ணி, ஒரு போஸ்டரு அடிக்கணும். பெரிய பேப்பர்ல எரநூறு காப்பி. நான் சொல்றேன், நீ அடிச்சிக்கினே வா."

அவள் விசைப்பலகையில் கை வைத்தாள்.

"பின்வரிசைக் கோயையே! வெளியே வா!"

"கோயையா?"

"அதான் அண்ணி, பயந்தாங்கொள்ளி."

"கோழை."

"ஆங், அதான். பெருசாப் போடு. செவப்புல."

அடித்தாள். தன்னைப் பற்றித் தானே அடித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் திரையில் விழும்போது உள்ளங்கை வேர்த்து விசைகள் வழுக்கின.

"கீழ இந்தப் போட்டோவ வெய்யி." வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பினான். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம். வெட்டி எடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட, நெற்றியில் ஒற்றைத் திருமண் இட்ட, வெட்கப்பட்டுச் சிரிக்கிற முகம்.

ராமப்ரசாத். யாழினியின் கணக்கு வாத்தியார்.

"இவரா?" அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இவருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"சனிக்கெழம டீக்கடையில படம் குப்பைன்னு சொல்லிக்கீறாரு. பெருமாள் கோயில் தெருவுல வூடு. தமிழும் நல்லாப் பேசறாரு. வேற இன்னா வேணும்? அஞ்சு மணிக்கு ஊரெல்லாம் ஒட்டிட்டு, அப்படியே அவரு வூட்டுக்குப் போறோம். கைகூப்பி மன்னிப்புக் கேக்கணும். அத்த வீடியோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பணும்."

"கேக்கலன்னா?"

சுப்பிரமணி சிரித்தான். பின்னால் நின்ற இருவரும் சிரிக்கவில்லை.

"மை தீந்துடுச்சு," என்றாள் சசிரேகா. அந்த இயந்திரத்தில் மை நிறைய இருந்தது. "ஐசக் அண்ணன் கொண்டாந்தாத்தான் அடிக்க முடியும். நாலு மணியாவும்."

"நாலுக்கு வரேன். மறந்துடாத அண்ணி."

அவர்கள் போனதும் கதவைப் பாதி இழுத்துவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டாள். தமிழ்வாணன் வாலாஜாபாத் அரிசி மில் லாரியில் ஹைதராபாத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். சொல்லச் சொல்ல லாரியை ஓரம் கட்டிவிட்டான் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"மொதல்ல அத்த அழிச்சிடு சசி."

"ஞாயித்துக்கெழமையே அழிச்சிட்டேன். ஆயிரம் பேரு எடுத்து வெச்சிக்கினு கீறாங்களே."

"அப்ப வாயத் தொறக்காத. நாளன்னிக்கு நான் வந்துடறேன்."

"அந்த வாத்தியாரு?"

மறுமுனையில் லாரிகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. "அவுரு ஆம்பள சசி. சமாளிச்சிக்குவாரு," என்றான். சொன்ன அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு பெருமாள் கோயில் தெருவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. சொல்லத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ராமப்ரசாத் வீட்டு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. சீட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்திருந்தார்கள். உள்ளிருந்த பஞ்சு பிதுங்கிக்கொண்டு நின்றது. மதிய வெயிலில் தெருவில் ஒருவரும் இல்லை. கதவைத் தட்டினாள்.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. "யாரு?"

"நான் யாழினி அம்மா, மேடம்."

ராமப்ரசாத்தின் மனைவி ஸ்ரீலக்ஷ்மி அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்கினாள். கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பாதி துணி மடித்து வைத்திருந்தது. ராமப்ரசாத் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் துடித்துக்கொண்டே இருந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

"காலையிலேர்ந்து அறுபத்து மூணு," என்றார். "எல்லாம் தெரியாத நம்பர். எடுத்தா ஒரே வசவு. ஸ்கூல்ல நாலு நாள் லீவு போட்டுக்கோன்னுட்டா."

"நீங்க எதுவும் சொல்லலியே சார்."

"டீக்கடையில சொன்னேம்மா, இல்லைங்கலை. மூணு மணி நேரப் படத்துல ஒரு நிமிஷம்கூட அவனுக்கு என்ன ஆகுமோன்னு எனக்குப் பதறலையேன்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்த வீடியோவை நானும் கேட்டேன். அந்த ஆளும் அதையேதான் சொல்றார். எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "இப்போ அந்த ஆள் எங்கேயோ சௌகரியமா உக்காந்துண்டிருப்பார்."

"அதெல்லாம் இப்போ எதுக்கு?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நாலரை பஸ்ல பழையசீவரம் போறோம். இவர் அக்கா ஆத்துல பத்து நாள் இருந்துட்டு வரோம்."

"ஒண்ணுமே பண்ணாம ஊரை விட்டுப் போனா நான்தான்னு ஆயிடாதா ஸ்ரீ?"

"ஆகட்டும். நீங்க முழுசா இருந்தாப் போறும் எனக்கு." சொல்லும்போதே அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சசிரேகா வாயைத் திறந்தாள். நான்தான் சார். இரண்டே வார்த்தை.  மடங்காத அந்த இரண்டு விரல்கள் நினைவுக்கு வந்தன.

"யாழினிக்கு வீட்டுப்பாடம்..." என்று ஆரம்பித்தாள். "இல்ல, ஒண்ணும் இல்ல சார். ஜாக்கிரதையா போய்ட்டு வாங்க."

தெருமுனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அந்த ஆள் எங்கேயோ சௌகரியமா உக்காந்துண்டிருப்பார். உரவோனைக் கோழை என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எந்தப் பயமும் இல்லாத ஒருவனை எப்படி வீரன் என்பது, இரண்டாம் பாகத்து உரவோன்தான் பெரிய கோழை என்று வீடியோவில் எவ்வளவு அழகாகப் பேசினாள்! மாடியில் நின்று, ஆண் குரலில்.

சாலையைக் கடந்தாள். கடைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் போனாள்.

மூன்றே முக்கால் ஆகியிருந்தது. முத்துவேல் வயல் வேலையாகக் கொல்லிக்குப் போயிருந்தார். வினோத்குமார் கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"தம்பி, உன்னாண்ட பேசணும்."

அவள் முகத்தைப் பார்த்து அவன் நின்றான். "பெஞ்சமின் அண்ணா, தோ கூப்புடறேன்," என்று போனில் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இன்னா அண்ணி? பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"வாத்தியாரு இல்ல. அத்தப் பேசனது வாத்தியாரு இல்ல."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"நான்தான்."

வினோத்குமார் சிரித்தான். அவள் தன் கைப்பேசியை எடுத்து, குரல் மாற்றுவதற்கு முன் பதிவு செய்ததை ஓடவிட்டாள். மெல்லிய பெண் குரல், அவன் தினமும் 'தம்பி, சாப்ட வா' என்று கேட்கிற குரல், கட்அவுட்டு நாப்பது அடி என்றது. பின்னால் பாத்திரக் கடை ஆட்டோ போனது.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணி?"

"மொதல் பாகத்த நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான பாத்தோம்? எனக்குக் கல்யாணமான புதுசு. நீ பன்னெண்டாவது படிச்சிக்கினு இருந்த. உரவோன் யாரு? கரண்டுக் கம்பத்துல ஏறுற லைன்மேன். ஷாக் அடிச்சு பலம் வருது. ஆனா ஒவ்வொரு வாட்டி அந்த பலத்தக் காட்டும்போதும் காது கொஞ்சம் கொஞ்சமாப் போவுது. கடைசியில ஊரக் காப்பாத்திட்டு வூட்டுக்கு வரான். அம்மா கூப்புடறாங்க. அவனுக்குக் கேக்கல. நீ அழுதியே. தியேட்டர்ல எல்லாரும் எழுந்து போயிட்டாங்க, நீ எழுந்துக்கவே இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டாவதுல இன்னா பண்ணாங்க? பத்தே நிமிஷத்துல வெளிநாட்டு டாக்டரு வந்து காத சரி பண்ணிட்டாரு. இழந்தது எதுவும் இல்லன்னா அவன் எதுக்கு சூப்பர் ஹீரோ? பறக்கறான், அஞ்சு வில்லன் வரான், கட்டடம் கட்டடமா இடியுது. அதுல யாரு குடியிருந்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படமெல்லாம் கடைசி கடைசியா எதுல விழுந்ததோ அதுலயே நாமளும் போய் விழணுமா? அடுத்த பாகத்துக்கு வெளம்பரம் போடறதுக்கு ஒரு அம்மாவக் கொல்றாங்க. முடிவுல இன்னொரு துண்டுக் காட்சிய வெச்சி மூணாவதுக்கு வான்னு கூப்புடறாங்க. ரெண்டாவது பாகம் எடுத்தவங்க மொதல் பாகத்தப் பாக்கவே இல்ல போலன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. சொல்லிட்டேன். புடிக்காதவ பேசல தம்பி. அவ்ளோ புடிச்சவ பேசனது."

மூச்சு வாங்கியது அவளுக்கு. அவன் எழுந்து கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது.

வினோத்குமார் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"காது வந்துடுச்சுன்னு காட்டனப்பவே எனக்கு விட்டுப்போச்சு அண்ணி," என்றான். மிகவும் மெதுவாக.

அவள் அவனையே பார்த்தாள்.

"இடைவேளையில பாத்ரூம்ல போய் தனியா நின்னுக்கினு இருந்தேன். பசங்க வெளிய ஆடிக்கினு கீறாங்க. முடிஞ்சி வந்தா மைக்க நீட்டறாங்க. வேற லெவல்னு சொன்னேன். வூட்டுக்கு வந்து சோறு எறங்கல. அந்த வீடியோவ நான் எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா? ஆளக் கண்டுபுடிக்கன்னு அல்லாருக்கும் சொன்னேன். நெஜம் அது இல்ல." நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "எனக்கும் படம் புடிக்கல அண்ணி. துளி கூடப் புடிக்கல. எனக்கு பெஞ்சமின் அண்ணனாண்ட அதச் சொல்ற தைரியம் இல்ல. அதான் நெஜம்."

"வினோத்து."

கூப்பிட்டது சசிரேகா இல்லை. ஆண் குரல். எங்கிருந்து வருகிறது என்று இருவருக்கும் ஒரு கணம் விளங்கவில்லை. அவனுடைய சட்டைப் பையிலிருந்து வந்தது.

அவன் போனை எடுத்தான். திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு நிற்கவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெஞ்சமின் ஒருவர் மட்டும் இல்லை, வரிசையாகப் பெயர்கள். மன்றத்தின் பதினொரு பேர்.

"கேட்டுக்கினுதான் கீறோம்," என்றார் மாவட்டத் தலைவர் பெஞ்சமின். கோபமே இல்லாத குரல். அதுதான் சசிரேகாவை அதிகம் பயமுறுத்தியது. "அல்லாரும் கேட்டோம். சுப்பிரமணி அங்க பஸ் ஸ்டாண்டுலதான் கீறான். உங்க அண்ணிய எங்கயும் அனுப்பாத. வர்றோம்."

வினோத்குமார் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான். கெஞ்சப் போகிறான் என்று நினைத்தாள். தான் போய் அந்தப் போனைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அண்ணா, அண்ணி சொன்னது கேட்டுச்சுன்னா நான் சொன்னதும் கேட்டுருக்கும். எனக்கும் புடிக்கல. வாத்தியார விட்டுடுங்க. வரதுன்னா எனக்காகவும் சேத்து வாங்க."

துண்டித்தான். துண்டித்த பிறகுதான் அவனுக்குப் பயம் முழுசாக வந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நைனாவுக்குப் போன் பண்ணு," என்றான். "கொல்லியிலயே இருக்கச் சொல்லு. வேணாம், வேணாம், ஆளுங்களக் கூட்டிக்கினு வரச் சொல்லு." கதவுக்குப் போனான், திரும்பினான். சாவியைத் தேடினான். கையிலேயே இருந்தது. திடீரென்று நின்றுவிட்டான்.

"அண்ணி, பாப்பா வேனு எத்தினி மணிக்கு?"

"நாலே காலுக்கு."

கேட்டவனும் சொன்னவளும் ஒரே சமயத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலுக்கு ஐந்து நிமிஷம். யாழினியின் வேன் வந்து நிற்கிற இடம் பஸ் ஸ்டாண்டு. அந்தக் குழந்தைக்கு மன்றத்துப் பையன்கள் எல்லாரும் மாமா. யார் கை நீட்டினாலும் இறங்கி வருவாள்.

செருப்புக்கூடப் போடாமல் சசிரேகா தெருவில் இறங்கி ஓடினாள். பின்னால் வினோத்குமார் பைக்கை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.